கோடு போட்டதில் தொடங்கியது: இந்தோனேசியாவின் முஹம்மதியா இயக்கம்

யோக்யகர்த்தா சுல்தானின் அரண்மனைக்கு வடக்கே ஒரு பெருந்திடல் இருக்கிறது. திடலின் மேற்கு ஓரத்தில் அரசப் பள்ளிவாசல். அதைச் சுற்றி, எதிரே ஆள் வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டிய குறுஞ்சந்துகளோடு கவுமான் என்னும் குடியிருப்பு. நடு ஜாவாவின் இந்தத் தெருக்கூட்டத்தில்தான் 1912 நவம்பர் 18 அன்று முஹம்மதியா இயக்கம் தொடங்கப்பட்டது. ஹிஜ்ரி கணக்கில் அது 1330 துல்ஹஜ் பிறை 8. கவுமான்வாசிகளில் பலர் பள்ளிவாசல் ஊழியர்கள்: இமாம், கதீப், முஅத்தின், எல்லோருக்கும் மேலாகச் சுல்தான் நியமிக்கும் தலைமைப் பெங்குலு. ஊழிய வருமானத்தோடு பத்திக் துணி வியாபாரமும் சேர்ந்துதான் அந்தக் குடும்பங்களைத் தாங்கியது. மார்க்கக் கல்வியும் வியாபாரக் காசும் ஒரே வீட்டில் இருந்த இந்தச் சூழ்நிலையை விட்டுவிட்டால், இயக்கம் பிறந்த விதம் விளங்காது.

அதைத் தொடங்கிய கியாய் ஹாஜி அஹ்மத் தஹ்லான் 1868இல் கவுமானில் பிறந்தவர். 'கியாய்' என்பது ஜாவாவில் ஆலிம்களுக்கு வழங்கும் மரியாதைப் பெயர். வீட்டில் இட்ட பெயர் முஹம்மது தர்வீஷ். தந்தை அபூபக்கர் அரசப் பள்ளிவாசலின் கதீப். தாய் பெங்குலு குடும்பத்துப் பெண். இளம் வயதில் ஹஜ்ஜுக்குப் போய் மக்காவில் தங்கி ஓதியபோது பெயர் மாறியது. அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர்களில் ஒருவர் அஹ்மத் கதீப். மேற்குச் சுமத்ராவின் மினங்கபாவ் பகுதியிலிருந்து போய், ஹரம் ஷரீபில் ஷாஃபி மத்ஹபின் இமாமாக இருந்தவர். தந்தை இறந்தபின் கதீப் பதவி மகனுக்கு வந்தது. அதன் சம்பளம் சொற்பம். பத்திக் மூட்டையோடு ஊர் ஊராகப் போய் விற்றுத்தான் தஹ்லான் குடும்பம் நடத்தினார். போன ஊர்களில் ஆலிம்களைத் தேடிப் பேசியதும் அந்தப் பயணங்களில்தான்.

முதல் மோதல் தொழுகைத் திசையான கிப்லாவைப் பற்றியது. ஜாவாவிலிருந்து மக்கா வடமேற்கில் இருக்கிறது. யோக்யகர்த்தாவில் நிற்பவர் நேர் மேற்கிலிருந்து ஏறக்குறைய 25 பாகை வடக்கே திரும்பினால்தான் கஅபாவின் திசை கிடைக்கும். அரசப் பள்ளிவாசலோ நேர் மேற்கு நோக்கிக் கட்டப்பட்டிருந்தது. மேற்கு என்றால் போதும் என்பது பழைய வழக்கம். தஹ்லான் நிலப்படத்தையும் வானநூல் கணக்கையும் வைத்துப் பார்த்தார். 1890களின் இறுதியில் கவுமான் ஆலிம்களைத் தம் லங்கருக்கு அழைத்து இரவு நெடுநேரம் விவாதித்தார். லங்கர் என்பது ஜும்ஆ நடக்காத சிறு தொழுகைக்கூடம். விவாதம் முடிவுக்கு வரவில்லை. சில நாளில் அரசப் பள்ளிவாசலின் தரையில் யாரோ சாய்வாகக் கோடு போட்டு தொழுகை வரிசையான ஸஃப்பின் திசையை மாற்றிக் காட்டியிருந்தார்கள். தலைமைப் பெங்குலு கோட்டை அழிக்கச் சொன்னார். தஹ்லான் தம் லங்கரைச் சரியான திசைக்குத் திருப்பிக் கட்டியபோது அதை இடிக்கவும் உத்தரவு வந்தது. ஆட்கள் வந்து ஒரே இரவில் இடித்துப் போட்டார்கள். ஊரைவிட்டே போய்விடக் கிளம்பியவரை உறவினர்கள் தடுத்து நிறுத்தி, லங்கரைத் திரும்பக் கட்டிக் கொடுத்தார்கள்.

தொழுகை யாருக்காக, எப்படி என்பதில் இரு தரப்புக்கும் வேறுபாடே இல்லை. எதை வைத்துத் திசையை முடிவு செய்வது என்பதுதான் கேள்வி: முன்னோர் நின்ற இடத்தை வைத்தா, கணக்கை வைத்தா? முஹம்மதியாவின் பிற்கால வரலாற்றில் எழுந்த பெரும்பாலான பிரச்சினைகள் இதே கேள்வியின் வேறு வேறு உருவங்கள்தாம்.

அந்தக் காலத்தில் இத்தகைய கேள்வி எழுந்ததற்குக் காரணங்கள் பல. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் நீராவிக் கப்பல்கள் பெருகின. டச்சு ஆட்சியில் இருந்த தீவுகளிலிருந்து ஹஜ்ஜுக்குப் போவோர் தொகையும் ஏறியது. போனவர்கள் கிதாபுகளோடு புதிய சிந்தனைகளையும் கொண்டு வந்தார்கள். கெய்ரோவில் முஹம்மது அப்துஹு, குர்ஆனையும் நவீன அறிவையும் எதிரெதிரே நிறுத்த வேண்டியதில்லை என்று கற்பித்து வந்தார். அவருடைய மாணவர் ரஷீத் ரிளா 1898இல் தொடங்கிய 'அல்-மனார்' இதழ், டச்சு அதிகாரிகளின் கண்ணுக்குத் தப்பி ஜாவாவின் துறைமுகங்களில் இறங்கியது. தஹ்லான் அதை வாசித்தவர். ஆனால் கெய்ரோவை மட்டும் சொல்லி நிறுத்துவது சரியாகாது. யோக்யகர்த்தாவிலேயே கிறித்தவ மிஷனின் பெட்ரோனெல்லா மருத்துவமனை 1899 முதல் நடந்துவந்தது. ஏழைகள் அங்கே மதம் பாராமல் போனார்கள். மிஷன் பள்ளிகளில் கரும்பலகையும் பாடவேளையும் இருந்தன. தஹ்லான் பாதிரியார்களைச் சந்தித்து விவாதித்தார், பழகினார், அவர்களுடைய வேலைமுறையைக் கூர்ந்து கவனித்தார். சிந்தனைக்குக் கெய்ரோ ஊற்று என்றால், நிறுவனம் கட்டும் முறையை அவர் கற்றது பெரும்பாலும் பக்கத்துத் தெருவில்தான். முஹம்மதியாவின் வரலாற்றை எழுதுவோர் சிலர் இதை மெதுவாகத்தான் சொல்வார்கள்.

1908இல் ஜாவாவின் படித்த வகுப்பார் தொடங்கிய புடி உத்தோமோ சங்கத்தில் தஹ்லான் அடுத்த ஆண்டு சேர்ந்தார். தலைப்பாகை கட்டிய ஆலிம், டச்சு படித்த மருத்துவர்களோடும் ஆசிரியர்களோடும் ஒரே மேசையில் அமர்ந்தார். கூட்ட நடவடிக்கைக் குறிப்பு, உறுப்பினர் பதிவேடு, செயலாளர், பொருளாளர் என்பவற்றை அங்கே கண்டார். ஜெட்டிஸில் இருந்த அரசு ஆசிரியர் பயிற்சிப் பள்ளி மாணவர்களுக்குப் பாடவேளைக்கு வெளியே மார்க்கம் சொல்லிக் கொடுத்தார். 1911 டிசம்பரில் தம் வீட்டின் முன்னறையிலேயே ஒரு பள்ளி தொடங்கினார். எட்டொன்பது பிள்ளைகள். அவர்கள் பாயில் அமரவில்லை, பெஞ்சில் அமர்ந்தார்கள். குர்ஆனோடு கணக்கும் எழுத்தும் படித்தார்கள். ஊரார் அதைக் காஃபிர் பள்ளி என்றார்கள், நடத்தியவரைக் காஃபிர் கியாய் என்றார்கள். மாகெலாங்கிலிருந்து ஓர் ஆசிரியர் வந்து இதைக் கண்டித்ததாகவும், எப்படி வந்தீர் என்று தஹ்லான் கேட்க அவர் ரயிலில் என்றதாகவும், காஃபிர்கள் செய்த ரயிலில் ஏறலாம், பெஞ்சில் உட்காரக் கூடாதா என்று தஹ்லான் திருப்பிக் கேட்டதாகவும் ஒரு கதை உண்டு. இயக்கத்தார் இதைச் சொல்லிச் சொல்லி மெருகேற்றியிருக்கிறார்கள்.

ஒருவர் வீட்டில் நடக்கும் பள்ளி அவரோடு முடிந்துவிடும், சங்கமாக்கினால் நிலைக்கும் என்று பயிற்சிப் பள்ளி மாணவர்கள் சொன்ன யோசனையிலிருந்து முஹம்மதியா உருவானது. பெயருக்கு 'முஹம்மது நபியைப் பின்பற்றுவோர்' என்று பொருள். அனுமதி கேட்டு டச்சு அரசுக்கு 1912 டிசம்பர் 20 அன்று மனுப் போயிற்று. பதில் வர 20 மாதங்கள் ஆயின. 1914 ஆகஸ்ட் 22 ஆணை, யோக்யகர்த்தா வட்டாரத்துக்குள் மட்டும் இயங்க அனுமதித்தது. வெளியூர்களில் ஆதரவாளர்கள் வேறு வேறு பெயர்களில் சிறு சங்கங்களாக இயங்கினார்கள். 1920இல் ஜாவா முழுவதற்கும், 1921இல் தீவுகள் அனைத்துக்கும் அனுமதி விரிந்தது.

இந்தப் பத்தாண்டுகளில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் ஒரு சம்பவம் இயக்கத்தின் அடித்தளமாகக் கருதப்படுகிறது. தஹ்லான் ஃபஜ்ருக்குப் பின் நடத்திய குர்ஆன் வகுப்பில் அல்-மாஊன் அத்தியாயம் பல நாள் ஓடியது. அனாதையை விரட்டுபவனையும் ஏழையின் பசியைப் பொருட்படுத்தாதவனையும் மார்க்கத்தைப் பொய்யாக்குபவனாகக் காட்டும் அத்தியாயம் அது. மொத்தமே ஏழு வசனங்கள். மனப்பாடமாகிவிட்டதே, அடுத்தது எப்போது என்றார் மாணவர் ஒருவர். மனப்பாடமானது சரி, செய்தாயிற்றா என்றார் தஹ்லான். தொழுகையில் ஓதுகிறோமே என்று மாணவர்கள் சொல்ல, அவர் கேட்டது அதுவல்ல என்றார். சந்தைக்குப் போய், திக்கற்ற குழந்தையையோ இரப்பவரையோ வீட்டுக்கு அழைத்து வந்து, சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, நல்ல துணி உடுத்தி, சோறு போட்டபின் வகுப்புக்கு வரச் சொல்லி அனுப்பினார். வசனத்தின் பொருளை விளக்குவதே தஃப்ஸீர் என்ற வழக்கத்தில், அதைச் செய்து முடிப்பதையே தஃப்ஸீராக்கியது இந்த வகுப்பு. தஹ்லான் எழுதி வைத்துப் போனது மிகக் குறைவு. ஓர் உரையும் மாணவர்கள் தொகுத்த குறிப்புகளும்தாம் இருக்கின்றன. உலகின் மிகப்பெரிய முஸ்லிம் அமைப்புகளில் ஒன்றுக்கு அதன் நிறுவனர் ஒரு கொள்கை நூல்கூட விட்டுப் போகவில்லை என்பது வியப்புத்தான். அவருடைய மாணவர்களுக்கு அது குறையாகப் பட்டதாகத் தெரியவில்லை.

1919 மே மாதம் கிழக்கு ஜாவாவின் கெலுட் எரிமலை வெடித்து ஏறத்தாழ 5,000 பேர் இறந்தார்கள். அதில் தப்பியவர்களுக்கு உதவிய 'பொதுத் துயர் துடைப்புச் சங்கம்' பிறகு முஹம்மதியாவின் ஒரு பிரிவாயிற்று. அதன் பொறுப்பாளர் கியாய் சுஜா. 1920 ஜூன் மாதம் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஒவ்வொரு பிரிவாரும் தங்கள் திட்டத்தைச் சொன்னார்கள். சுஜா எழுந்து, மருத்துவமனை கட்டுவோம், ஏழையர் இல்லம் கட்டுவோம், அனாதை இல்லம் கட்டுவோம் என்றதும் கூட்டம் சிரித்தது. இவையெல்லாம் டச்சுக்காரர்களும் மிஷன்காரர்களும் செய்கிறவை, பத்திக் வியாபாரிகளால் ஆகுமா என்ற சிரிப்பு. சுஜா அல்-மாஊனைத்தான் பதிலாகச் சொன்னார். 1923 பிப்ரவரி 15 அன்று யோக்யகர்த்தாவில் வாடகை வீடு ஒன்றில் மருத்துவமனை திறக்கப்பட்டது. அதற்கு எட்டாம் நாள், பிப்ரவரி 23 அன்று, தஹ்லான் காலமானார். அடுத்த ஆண்டு சுரபாயாவில் இன்னொன்று திறந்தபோது முன்னின்றவர்களில் ஒருவர் புடி உத்தோமோவைச் சேர்ந்த டாக்டர் சுதோமோ.

பெண்கள் பக்கத்து வரலாறு தனியாகச் சொல்லத் தக்கது. தஹ்லானின் மனைவி சிதி வாலிதா கவுமான் பெண்களையும் பத்திக் பட்டறைப் பெண்களையும் கூட்டி எழுத்தும் குர்ஆனும் கற்பித்து வந்தார். இந்த வட்டம் 1917 மே 19 அன்று ஆயிஷியா என்ற அமைப்பாயிற்று. பெயர் நபிகளாரின் மனைவி ஆயிஷா நினைவாக. 1919இல் மழலையர் பள்ளி தொடங்கினார்கள். 1922இல் கவுமானில் பெண்களுக்கென்றே ஒரு தொழுகைக்கூடம் கட்டினார்கள். இமாமத்தும் நிர்வாகமும் பெண்களிடமே. அது இன்றும் நடக்கிறது. 1926 சுரபாயா மாநாட்டின் அமர்வுக்குச் சிதி வாலிதா தலைமை தாங்கினார். ஒரு பெண் அத்தகைய மேடையில் தலைமை தாங்குவது அப்போது அங்கே கேள்விப்படாத ஒன்று. 1928 டிசம்பர் 22 அன்று யோக்யகர்த்தாவில் கூடிய முதல் இந்தோனேசியப் பெண்கள் மாநாட்டில் ஆயிஷியாவின் பிரதிநிதிகளும் பேசினார்கள். அந்தத் தேதியே இன்று இந்தோனேசியாவில் அன்னையர் நாள். ஆனாலும் தாய் அமைப்பின் உச்சக் குழுவில் ஆண்களே நிறைந்திருக்கும் நிலை நூறாண்டு கடந்தும் பெரிதாக மாறவில்லை. ஆயிஷியா தனி அமைப்பாக வளர்ந்தது அதற்குப் பலத்தையும் தந்தது, ஒரு வேலியையும் போட்டது.

1918இல் தொடங்கிய ஹிஸ்புல் வத்தன் என்னும் சாரணர் படையும் குறிப்பிடத்தக்கது. அதில் பயின்று, சிலாசாப்பில் முஹம்மதியா பள்ளி ஆசிரியராக இருந்த சுதிர்மான்தான் பின்னாளில் சுதந்திர இந்தோனேசியப் படையின் முதல் தலைமைத் தளபதி. 1915இல் தொடங்கிய 'சுவாரா முஹம்மதியா' இதழ் இன்னும் வருகிறது.

இயக்கத்தின் கொள்கையை இரண்டு திசைகளாகப் புரிந்துகொள்ளலாம். முஹம்மதியாவினர் இரண்டையும் 'தஜ்தீத்' என்ற ஒரே சொல்லால் குறிக்கிறார்கள். இபாதத்தில் தஜ்தீத் என்றால் பின்னால் சேர்ந்தவற்றைக் கழித்துக் குர்ஆனுக்கும் ஸுன்னாவுக்கும் திரும்புவது. உலக வாழ்க்கையில் தஜ்தீத் என்றால் காலத்துக்கேற்பப் புதுமை செய்வது. முதலாவது வழிபாட்டில் எதையும் கூட்ட விடாது. இரண்டாவது பள்ளி, மருத்துவம், நிர்வாகம் ஆகியவற்றில் எதையும் மறுக்காது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது முரணாகத் தோன்றலாம். உள்ளிருப்பவர்களுக்கு அப்படியில்லை: கந்தூரிக்கும் சடங்குக்கும் போகும் பணமும் நேரமும் மிஞ்சினால்தான் பள்ளிக்கூடம் எழும். ஜாவாவில் பிறப்பு, சுன்னத்து, அறுவடை, மரணம் எதற்கும் அண்டை வீட்டாரைக் கூட்டி ஓதி விருந்து வைக்கும் 'ஸ்லாமத்தான்' உண்டு. இறந்தவருக்கு மூன்றாம் நாள், ஏழாம் நாள், நாற்பதாம் நாள் ஃபாத்திஹாக்கள் உண்டு. கடன் வாங்கியாவது இவற்றை நடத்துவதை இயக்கம் எதிர்த்தது. மூடநம்பிக்கை, பித்அத், கற்பனைக் கதை என்ற மூன்றையும் குறிக்கும் உள்ளூர்ச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'டிபிசி' என்றார்கள். காசநோய்க்கும் அங்கே அதே சுருக்கம்.

நடைமுறை மாற்றங்களும் இதே போக்கில் வந்தன. ஜும்ஆ குத்பாவை மக்களின் மொழியில் சொன்னார்கள். பெருநாள் தொழுகையைத் திடலுக்குக் கொண்டு போனார்கள். ஜகாத்தையும் பித்ராவையும் ஊர் ஆலிம் கையில் கொடுத்துவிடுவது பழைய வழக்கம். முஹம்மதியா குழு அமைத்து வசூலித்து, பட்டியல் எழுதி, ஏழைகளுக்குப் பங்கிட்டது. குர்பானி இறைச்சிக்கும் இதே முறை. இவற்றில் எதுவும் பெரிய இறையியல் புரட்சி இல்லை. ஆனால் ஆலிமின் வருமானத்தையும் அதிகாரத்தையும் தொட்டது பதிவேடு என்பதால் எதிர்ப்பு இங்கேதான் உறைத்தது.

1927 பெக்காலோங்கான் மாநாட்டில் மாஸ் மன்சூர் முன்மொழிந்த 'தர்ஜீஹ்' குழு, மார்க்கப் பிரச்சினைகளில் பல மத்ஹபுகளின் ஆதாரங்களையும் ஒப்பிட்டு வலுவானதைத் தேர்ந்தெடுக்கும் வேலையை ஏற்றது. தனியொரு முஃப்தியின் ஃபத்வாவுக்குப் பதில் கூடிப் பேசி எடுக்கும் முடிவு என்பதே இதில் புதுமை. மத்ஹபை மறுக்கிறோம் என்று அவர்கள் சொல்லவில்லை. ஒரே மத்ஹபுக்குள் அடங்க மறுத்தார்கள். ஷாஃபி வழியில் ஊறிய ஜாவாவில் அதுவே பெரிய விஷயம்.

மரபு ஆலிம்கள் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 1926 ஜனவரி 31 அன்று சுரபாயாவில் நஹ்ளத்துல் உலமா தோன்றியது. ஹிஜாஸ் ஸஊதியர் கைக்குப் போனதும் உடனடிக் காரணங்களில் ஒன்று. ஆனால் முஹம்மதியாவின் வளர்ச்சியும் அவர்கள் மனத்தில் இருந்தது. அதன் தலைவர் ஹாஷிம் அஷ்அரி, தஹ்லானைப் போலவே மக்காவில் அஹ்மத் கதீபிடம் ஓதியவர். ஒரே ஆசிரியரின் இரு மாணவர்கள் இரண்டு பேரமைப்புகளுக்கு மூலவர்கள் ஆனார்கள். ஃபஜ்ரில் குனூத் ஓதுவதா, தராவீஹ் எட்டு ரக்அத்தா இருபதா, மவ்லிது கூடுமா, ஜும்ஆவுக்கு ஒரு பாங்கா இரண்டா என்று தெருவுக்குத் தெரு தர்க்கம் நடந்தது. சம்பந்தம் பேசும்போதுகூட இந்த வேறுபாடு குறுக்கே வந்த காலம் உண்டு. ஆனால் கிராமங்களில் கோடு அவ்வளவு நேராக விழவில்லை. ஆய்வாளர் அப்துல் முனீர் முல்கான் கிழக்கு ஜாவாவின் ஒரு விவசாயப் பகுதியில் பார்த்தபோது, முஹம்மதியாவில் உறுப்பினராக இருந்துகொண்டே நஹ்ளத்துல் உலமாவின் சடங்குகளையும் விடாதவர்கள் ஒரு தனி வகையாகவே இருந்தார்கள்.

ஜாவாவுக்கு வெளியே இயக்கம் வேரூன்றிய முக்கிய இடம் மேற்குச் சுமத்ரா. 1925இல் ஹாஜி ரசூல் என்றழைக்கப்பட்ட அப்துல் கரீம் அம்ருல்லா ஜாவாவுக்கு வந்து பார்த்துவிட்டு, மனின்ஜாவ் ஏரிக்கரையில் உள்ள தம் ஊர் சுங்கை பாதாங்கில் கிளை தொடங்க வழிசெய்தார். சொத்து தாய்வழியில் இறங்கும் மினங்கபாவ் நாட்டில் ஷரீஅத்துக்கும் ஊர் வழக்குக்கும் இடையே நூறாண்டு இழுபறி ஏற்கெனவே உண்டு. அந்த மண்ணில் முஹம்மதியா சூடாகவே பற்றிக்கொண்டது. ஜாவாவின் மென்மையான பேச்சுக்குப் பதில் வாதம் முன்னே நின்றது. ஊர்விட்டு ஊர் போய்ப் பிழைக்கும் மினங்கபாவ் வியாபாரிகள் போன இடமெல்லாம் கிளையைக் கொண்டு போனார்கள். ஹாஜி ரசூலின் மகன் ஹம்கா (1908-1981) நாவலாசிரியராகவும் குர்ஆன் விரிவுரையாளராகவும் பெயர் பெற்றார். சுமத்ராவின் பெங்குலு நகருக்கு நாடுகடத்தப்பட்டிருந்த, பின்னாளில் நாட்டின் முதல் அதிபரான சுகர்னோகூட 1938இல் முஹம்மதியாவில் சேர்ந்து பள்ளி வேலைகளைக் கவனித்தார். பின்னாளில் தம் மனைவியான ஃபத்மாவதியை அவர் சந்தித்ததும் அந்த வட்டத்தில்தான்.

அரசியல் கணக்கு அத்தனை எளிதாக இல்லை. முஹம்மதியா தன்னைக் கட்சியாக ஒருபோதும் அறிவித்துக்கொண்டதில்லை. டச்சு அரசிடம் பள்ளிகளுக்கு மானியம் வாங்கியது. ஒத்துழையாமை பேசிய அரசியல் இயக்கமான சரேக்கத் இஸ்லாம் இதைக் கடுமையாகத் தாக்கியது. மானியம் இல்லாமல் இத்தனை பள்ளிகள் எழுந்திருக்குமா என்பது முஹம்மதியாவின் பதில். இரு பக்கத்திலும் நியாயம் இருந்தது. 1945இல் குடியரசின் அரசியல் சட்டம் உருவானபோது, முஸ்லிம்கள் ஷரீஅத்தைப் பின்பற்றக் கடமைப்பட்டவர்கள் என்னும் ஏழு சொற்கள் ஜகார்த்தா சாசனத்தில் இடம்பெற்றன. கிழக்குப் பகுதிக் கிறித்தவர்கள் மறுத்தார்கள். ஆகஸ்ட் 18 காலையில் அச்சொற்களை நீக்க இசையாமல் கடைசிவரை நின்றவர் முஹம்மதியாவின் அன்றைய தலைவர் கி பாகுஸ் ஹதிகுசுமோ. அவரை இசைய வைத்தவர்களில் காஸ்மான் சிங்கோடிமெஜோவும் அதே இயக்கத்தவர். தேசம் உடையக் கூடாது என்பதற்காக விட்டுக்கொடுத்தது என்று ஒரு சாராரும், கைநழுவியது என்று இன்னொரு சாராரும் இன்றும் அதை நினைவுகூர்கிறார்கள்.

அதே ஆண்டு நவம்பரில் தொடங்கிய மஸ்யூமி கட்சியில் முஹம்மதியா சிறப்பு உறுப்பினர். 1960இல் கட்சி ஒடுக்கப்பட்டது. அந்த அடிக்குப்பின், 1971 மகாசர் மாநாட்டில் எந்தக் கட்சியோடும் அமைப்புரீதியான உறவு இல்லை என்ற முடிவு எடுக்கப்பட்டது. அன்றைய அதிபர் சுஹார்த்தோவின் அரசு, எல்லா அமைப்புகளும் நாட்டின் ஐந்து அடிப்படைக் கொள்கைகளான பஞ்சசீலத்தையே அடிப்படையாக ஏற்க வேண்டும் என்றபோது உள்ளே பெரும் கொந்தளிப்பு எழுந்தது. 1968 முதல் 1990 வரை தலைவராக இருந்த ஏ. ஆர். ஃபக்ருத்தீன் எளிமையான மனிதர். வீட்டு வாசலில் பெட்ரோல் சில்லறையாக விற்றவர் என்று சொல்வார்கள். பஞ்சசீலம் மோட்டார் சைக்கிளில் போகிறவர் போட்டுக்கொள்ளும் தலைக்கவசம் மாதிரி என்று அவர் உவமை சொன்னார். 1985 சோலோ மாநாடு ஏற்றுக்கொண்டது. 1998இல் சுஹார்த்தோவுக்கு எதிரான எழுச்சியின் முகங்களில் ஒருவராக இருந்த அமீன் ரயிஸ், தலைமைப் பதவியிலிருந்து விலகித் தேசியப் பொறுப்புக் கட்சியைத் தொடங்கினார். இயக்கம் அவரை வாழ்த்தியது, கட்சிக்குள் போகவில்லை.

இத்தனை ஆட்சிகள் மாறியும் அமைப்பு உடையாததற்குக் காரணம் அதன் கட்டுமானம். மரபு மத்ரஸா ஒரு கியாயின் குடும்பச் சொத்து. அவருக்குப்பின் மகன் அல்லது மருமகன். முஹம்மதியாவில் பள்ளியும் மருத்துவமனையும் நிலமும் எவர் பெயரிலும் இல்லை; அமைப்பின் பெயரில் இருக்கின்றன. ஊர்க்கிளை, வட்டம், மாவட்டம், மாகாணம், மையம் என்று படிகள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை கூடும் மாநாடு 13 பேரைத் தேர்ந்தெடுக்கிறது. அவர்களிலிருந்து தலைவர் வருகிறார். தஹ்லானின் வாரிசுகள் என்பதற்காக எவருக்கும் நாற்காலி கிடைத்ததில்லை. பரம்பரை ஷெய்குமார்கள் நிறைந்த ஒரு நாட்டில் இதுவே பெரிய சீர்திருத்தம் என்று சொல்ல இடமுண்டு. இதற்கு ஒரு விலையும் உண்டு: கிதாபு ஓதிய ஆலிம்களைவிடப் பேராசிரியர்களும் நிர்வாகிகளும் மேடையில் பெருகிவிட்டார்கள் என்ற குறை உள்ளேயிருந்தே எழுகிறது.

இன்று 160க்கும் மேற்பட்ட உயர்கல்வி நிறுவனங்களும் நூற்றுக்கு மேற்பட்ட மருத்துவமனைகளும் ஆயிரக்கணக்கான பள்ளிகளும் இதன் கீழ் உள்ளன. திமோர் தீவின் குப்பாங் நகரில் உள்ள முஹம்மதியா பல்கலைக்கழகத்தில் மாணவர்களில் பெரும்பாலோர் கிறித்தவர்கள். மிஷன் மருத்துவமனையைப் பார்த்துக் கற்ற இயக்கத்தின் வகுப்பறையில் நூறாண்டுக்குப்பின் கிறித்தவப் பிள்ளைகள் படிக்கிறார்கள். 2015 மகாசர் மாநாடு 'முன்னேறும் இஸ்லாம்' என்ற முழக்கத்தோடு, இந்தோனேசியக் குடியரசை உடன்படிக்கையின் நாடாக ஏற்று அறிவித்தது. 2010இல் தர்ஜீஹ் குழு புகைபிடித்தல் ஹராம் என்றபோது, கிராம்புச் சிகரெட் தொழில் லட்சக்கணக்கானவர்களுக்குச் சோறு போடும் நாட்டில் பெரும் சலசலப்பு ஏற்பட்டது. 2024இல் மத அமைப்புகளுக்கு நிலக்கரிச் சுரங்க உரிமை தர அரசு முன்வந்ததும் நஹ்ளத்துல் உலமாவைப் பின்தொடர்ந்து முஹம்மதியாவும் ஏற்றது. சுற்றுச்சூழல் பற்றி அறிக்கைகள் வெளியிட்ட அமைப்பு இதைச் செய்யலாமா என்று அதன் இளைஞர்களே கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு நிறைவான பதில் வரவில்லை.

கணக்கா கண்ணா என்ற பழைய விவகாரம் பிறையில் தொடர்கிறது. முஹம்மதியா பிறையைக் கண்ணால் தேடுவதில்லை. வானநூல் கணக்கின்படி மாதத்தை முன்கூட்டியே அறிவித்துவிடும். அதனால் சில ஆண்டுகளில் அரசு அறிவித்த பெருநாளுக்கு முந்தைய நாளே அவர்கள் திடலில் தொழுதுவிடுவார்கள். 2025இல், ஹிஜ்ரி 1447 தொடக்கத்திலிருந்து, உலகம் முழுவதற்கும் ஒரே தேதி என்ற ஒற்றை ஹிஜ்ரி நாட்காட்டிக்கு மாறினார்கள்.

கிப்லா விஷயமும் முழுதாக ஓய்ந்துவிடவில்லை. 2010 தொடக்கத்தில் இந்தோனேசிய உலமா சபை, நாட்டின் கிப்லா மேற்குத் திசை என்று ஒரு ஃபத்வா கொடுத்தது. கணக்கறிந்தவர்கள் ஆட்சேபித்தார்கள். சில மாதங்களில் வடமேற்கு என்று திருத்தி இன்னொரு ஃபத்வா வந்தது. கவுமான் அரசப் பள்ளிவாசல் கட்டடம் இன்றும் நேர் மேற்கு நோக்கியே நிற்கிறது. உள்ளே தொழுவோரின் ஸஃப்கள் மட்டும் சுவருக்குச் சாய்வாக, வடமேற்கு நோக்கி அமைந்திருக்கின்றன.